நயினார் வீட்டு வெள்ளைச் சட்டை

கிணற்றடியில் ஓர் ஆண்பிள்ளை சட்டை துவைப்பதை எங்கள் வளவு முதன்முதலாகப் பார்த்தது எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசியில். முதலில் பார்த்தவள் நான். பார்த்ததோடு நிற்காமல் வளவின் நாலு குடித்தனத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சட்டை துவைகல்லுக்கு வந்து சேர்ந்தது பிராமி என்கிற ஒருத்தியின் பிடிவாதத்தால். சொல்ல வேண்டியது அவளைப் பற்றித்தான்.

பிராமி நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்களுடைய மருமகள். அவர்கள் ஜைனர்கள், ஊரில் நயினார் வீடு என்பார்கள். மாமியார் தர்மதேவி அம்மாள், மூத்த பிள்ளை விருசபதாசன், இளையவன் சக்கரவர்த்தி, பிராமி என்று நாலே பேர். விருசபதாசன் பிராமியின் புருஷன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க். கஞ்சி போட்டு இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். சக்கரவர்த்தி காலேஜில் படித்தான். அவனுடைய பெல்பாட்டம் ஒன்றுக்கு இஸ்திரி போடும் நேரத்தில் நான் ஒரு குழம்பு வைத்து இறக்கிவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன்பே வேலூரில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள் பிராமி. வேலைக்கான உத்தரவு வருஷக்கணக்கில் வரவில்லை. வராது என்று எல்லோரும் மறந்துபோன சமயத்தில் போளூர் ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்று வந்து சேர்ந்தது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"போ, வேணாங்கல. ஆனா வீட்டு வேலை ஒண்ணும் நிக்கக்கூடாது" என்றார் தர்மதேவி அம்மாள். "சரிங்க அத்தை" என்றாள் பிராமி. அந்தச் 'சரி'யில்தான் மாட்டிக்கொண்டாள்.

காரணம், அந்த வீட்டில் எல்லாமே பகலில்தான் நடக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, அடுப்பு கிடையாது. எரிகிற நெருப்பைத் தேடிப் பூச்சி வந்து விழும், உயிர் போகும் என்பது அவர்கள் தர்மம். கரி போட்ட இஸ்திரிப் பெட்டிக்கும் அதே சட்டம். துணி துவைக்கும் தண்ணீரைக்கூட இரட்டைத் துணியில் வடிகட்டி, அதில் சிக்கிய உயிர் பிழைக்கட்டும் என்று வடிகட்டிய துணியைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசிவிட்ட பிறகுதான் தொடுவார்கள். இருட்டில் துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாதென்பதால் விடிவதற்கு முன் துவைக்கவும் முடியாது. காலை பஸ்ஸுக்கு ஓடி, பொழுது சாய்கிற நேரத்தில் வந்து இறங்குகிறவளுக்குப் பகல் எங்கே இருக்கிறது? வந்ததும் அரக்கப்பரக்கச் சமைத்து, வெளிச்சம் போவதற்குள் எல்லோருக்கும் போட்டுத் தானும் வாயில் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

வாளிகளில் துணி சேர்ந்தது. ஒருநாள் விருசபதாசன் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனார். அங்கே யாரோ என்னமோ சொல்லிச் சிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"உன்னால முடியலன்னா வேலையை எழுதிக் குடுத்துடு. யாரும் உன்னைச் சம்பாதிக்கச் சொல்லல."

பிராமி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை. நானாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

"வேலையை விட மாட்டேங்க. நீங்க நாலரைக்கே வந்துடறீங்க, தம்பி அதுக்கும் முன்னாடி வந்துடறாரு. எனக்குத்தான் பகல் கம்மி, உங்களுக்கு ஜாஸ்தி இருக்கு. நாளையிலேர்ந்து என் துணியும் அத்தை துணியும் நான் பார்த்துக்கறேன். உங்க ரெண்டு பேர் துணியை நீங்களே துவைச்சு நீங்களே இஸ்திரி போட்டுக்குங்க."

"நல்லா இருக்கே. கெணத்தடியில நாலு குடித்தனம் பார்க்க ஆம்பளை துணி துவைக்கறதா?" என்றார் மாமியார்.

"அழுக்கு சட்டையோட தெருவுல போனா ஊரே பார்க்குதுங்க அத்தை."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தன் புடவையையும் மாமியார் புடவையையும் துவைத்துப் போடுவாள். மற்ற இரண்டு வாளிகளும் அப்படியே கிடக்கும். வளவே வேடிக்கை பார்த்தது. முதலில் இறங்கி வந்தவன் சக்கரவர்த்தி. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் துவைத்தான். நீலத்தை அள்ளிக் கொட்டியதில் சட்டை ஆகாசக் கலருக்கு மாறிவிட்டது. அதையே போட்டுக்கொண்டு, புதுச் சட்டை என்று காலேஜில் சொல்லிச் சமாளித்தானாம்.

விருசபதாசன் அசையவில்லை. இருந்த சட்டைகளை மாற்றி மாற்றி உதறிப் போட்டுக்கொண்டு போனார். கடைசியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஒரே ஒரு சலவைச் சட்டை மிச்சம். அதிலும் மடிப்பெல்லாம் கசங்கியிருந்தது. அடுத்த நாள் திங்கட்கிழமை, வேலூரிலிருந்து பெரிய அதிகாரி தணிக்கைக்கு வருகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிராமி தன் புடவைக்கு இஸ்திரி போட்டு முடித்துவிட்டு, "பெட்டி சூடா இருக்கு, உங்க சட்டையைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனாள். அவர் பேப்பரைப் புரட்டினார். அவளே போடுவாள், எத்தனை நேரம் தாங்குவாள் என்று நினைத்திருக்க வேண்டும். கரி ஆறிப்போனது. வெளிச்சமும் போய்விட்டது.

மழை விட்ட ஈரத்தில் அன்று ஈசல் கிளம்பியது. ஈசல் வந்தால் நயினார் வீட்டில் பல்பை அணைத்துவிட்டு எல்லோரும் இருட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், ஓர் உயிர் விளக்கில் விழக்கூடாது என்று. அன்றும் அணைத்தார்கள். அந்த இருட்டுத்தான் சௌகரியம் என்று விருசபதாசன் யாருக்கும் தெரியாமல் பின்கட்டுக்குப் போனார். பெட்டியில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, மூடியைத் திறந்து விசிறினார். வீடு முழுக்க இருந்த ஒரே வெளிச்சம் அவர் கையில் இருந்தது. தோட்டத்து ஈசல் அத்தனையும் அங்கே வந்தது.

அவர் அலறியது என் வீட்டுக்குக் கேட்டது. நான் சிம்னி விளக்கோடு ஓடினால், போகும்போதே அதை அணைக்கச் சொல்லித் தர்மதேவி அம்மாள் கத்துகிறார். ஆனாலும் ஒரு நொடி பார்த்துவிட்டேன். பெட்டிக்குள் பொரிந்து கிடந்தது ஒரு கூட்டம். வெள்ளைச் சட்டை பூராவும் இறக்கை. பதற்றத்தில் பெட்டியை அதன்மேலேயே வைத்துத் தேய்த்தும் விட்டிருந்தார்.

தர்மதேவி அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதார். புருஷன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

"இவ வேலைக்குப் போகாம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்றார் விருசபதாசன். குரலில் தெம்பே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இது அவர்கள் வீட்டு விஷயம். மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் பிராமியின் வேலை அன்றோடு போச்சு.

"நீ என்னம்மா சொல்ற?" என்று பிராமியைக் கேட்டார் தர்மதேவி அம்மாள்.

"வேலையை விட மாட்டேன் அத்தை. பகல்ல பெட்டியைச் சூடு பண்ணி வெச்சுட்டுத்தான் போனேன். இன்னிக்குப் போன உயிருக்குப் பிராயச்சித்தமா நாளைக்கு நானும் உங்களோட பட்டினி இருக்கறேன். ஆனா வேலையை விட மாட்டேன்."

பிறகு மாமியார் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்று யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். நானும்தான் தூங்கவில்லை.

விடிந்து நன்றாகக் கண் தெரிகிற நேரம். நான் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தேன். தர்மதேவி அம்மாள் பெரிய பிள்ளையின் கையில் வடிகட்டும் துணியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நீயும் நானும் சாப்பிடல. அது நேத்திக்கிப் போன உயிருக்கு. இது இனிமேலுக்கு. தண்ணியை வடிகட்டு, துவை. அவ வேலைக்குப் போறது அவ பாடு. என் வீட்டுல இன்னொரு தரம் ராத்திரியில பெட்டி பத்தக்கூடாது. சட்டை உன்னுதுதானே, பகல்லயே நீ செய்."

விருசபதாசன் என்னைப் பார்த்தார். நான் நகர்வதாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வாளியை இறக்கினார். பிராமி பட்டினியோடு, டிபன் டப்பா இல்லாமல், எங்களைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது அவளுக்கு.

அன்று தணிக்கைக்கு விருசபதாசன் ஈரம் காயாத சட்டையோடுதான் போனார். முதல் மாதம் அவர் துவைத்த லட்சணத்தைச் சொல்லக்கூடாது. பிறகு கை பழகிவிட்டது. காலரைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து அவர் இஸ்திரி போடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் பரசுராமன் கிணற்றடிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். எங்கே நான் கேட்டுவிடுவேனோ என்ற பயம்.

எண்பத்துமூன்றில் சக்கரவர்த்திக்குப் பெண் பேச வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பிராமி அப்போது அதே பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. காபி கொடுக்க நானும் கூடமாட இருந்தேன். பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி, "வேலையை விடச் சொல்லுவீங்களோன்னு பொண்ணு பயப்படுதுங்க" என்றாள்.

"எதுக்கு விடணும்?" என்றார் தர்மதேவி அம்மாள், இந்தப் பேச்சையே அன்றுதான் கேள்விப்படுகிறவர்போல.

அந்த அம்மாள் கொடியில் வரிசையாகத் தொங்கிய வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தாள். "துணிமணிக்கெல்லாம் ஆள் வெச்சிருக்கீங்களா?"

"ரெண்டு ஆள் இருக்காங்க. ரெண்டு பேரையும் நான்தான் பெத்தேன்."

விருசபதாசன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிராமியைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் கண் கலங்கியிருந்தது. பொழுது சாய்கிறது, எல்லோரும் சாப்பிட எழுந்திருங்கள் என்று சொல்லிக்கொண்டே அவள் இலை போடப் போய்விட்டாள்.