நஞ்சப்பன் வண்டியில் மருதாம்பாளின் கேசட்

வாய்வீச்சு ஆம்பளைகளைக் கண்டாலே மருதாம்பாளுக்கு ஆகாது. இலங்கையில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிகளின் பீற்றலைக் கேட்டே வளர்ந்தவள். கப்பலேறி வந்து கோத்தகிரித் தோட்டத்து லய வீட்டில் குடியேறிய பிறகும் அந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை என்பதற்கு டாக்ஸி நஞ்சப்பனே சாட்சி.

அம்பாசிடரில் ஸ்டீரியோ வைத்த நாளிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை. பஸ் நிறுத்தத்தில் கதவைத் திறந்துவைத்து, யாராவது திரும்பிப் பார்க்கும்வரை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான்.

அவனிடம் போய் நிற்க வேண்டியதாயிற்றே என்பதுதான் அவள் எரிச்சல். அக்கரையில் இருந்த மகள் தெய்வம்மா ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தாள். இருவருக்கும் எழுத்து வராது. ஒரே கேசட்தான் கடல் தாண்டிப் போய்வரும். இவள் பேச்சை அழித்து அவள் பேசுவாள், அவள் பேச்சை அழித்து இவள்.

"வாற தேதிய அதுலதான் சொல்லியிருக்கா" என்றார் கொண்டுவந்தவர். கப்பலில் வருகிறவர்களைப் பதிந்து ஊர் ஊராகப் பிரித்தனுப்பும் மண்டபம் முகாமில் தாய் போய் நிற்காவிட்டால் மகளை எந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ! ஆனால் மருதாம்பாளின் டேப்பில் ஸ்பீக்கரை எலி தின்றிருந்தது. நஞ்சப்பனின் ஸ்டீரியோவில் கேசட் போட வழியில்லை. வெளியிலிருந்து ஒரு டேப்பை ஒயரால் இணைத்தால் பாடும். தன் டேப்பையும் கேசட்டையும் அவனிடம் கொண்டுபோனாள்.

"குடுங்க. அஞ்சு நிமிசத்துல உங்க புள்ளய வண்டிக்குள்ள பேச வெக்கறேன்."

ஒயரைச் செருகினான். கரகரப்புகூட வரவில்லை. ஃப்யூஸைக் கழற்றி ஊதினான். பேட்டரி முனையைச் சுரண்டினான். ஸ்டீரியோவின் தலையில் தட்டினான்.

"தம்பி, நீ குத்தியிருக்கிறது நாங்க பேசுற மைக் ஓட்டை. கேக்கிற ஓட்டை பக்கத்துலதானே இருக்கு."

"ஏனுங்கம்மா, நீங்க தேயிலை கிள்றப்ப நான் வந்து ரோசன சொல்றனா? ஏரியல்ல கோளாறு. வெளிய போயி அதப் புடிச்சுட்டு நில்லுங்க."

டேப்புக்கு ஏரியல் எதற்கு என்று ஒரு கழுதைகூடக் கேட்கும். வண்டி அவனுடையதாயிற்றே, சாரலில் போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். உள்ளே அவன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் ஏதோ அளந்துகொண்டிருந்தான். கண்ணாடி வழியே டேப்பைப் பார்த்தாள். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான் அமுங்கியிருந்தது.

"ஐயோ, அத ஏன் அமுக்கின?"

"செகப்புன்னா பவரு ஜாஸ்திங்கம்மா!"

அவனைத் தள்ளிவிட்டு டேப்பை நிறுத்தினாள். முதலுக்கு ஓட்டினாள். ஒயரைச் சரியான ஓட்டையில் குத்தினாள். வண்டி நிறைய மகளின் குரல்.

"அம்மா, சுகமா இருக்கீங்களா? எங்களுக்குப் பாஸ்போட் வந்துருச்சி. கப்பல் ஏறுற தேதி வந்து..."

டக்.

"கேட்டுக்கங்க, கோத்தகிரியில இப்பிடி செட்டு எவங்கிட்டயும் இல்ல. ஊட்டிக்காரனே எங்கிட்டத்தான் ரோசன கேப்பான்..."

டக்.

"...மறந்திராம வந்து நில்லுங்கம்மா."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நஞ்சப்பன் தலையைச் சொறிந்தான்.

"இன்னொருக்கா ஓட்டிப் பாக்கலாங்க. அடியில எங்கியாச்சும் இருக்கும்."

"அடியில இருக்கும்னு வழிச்செடுக்க இது என்ன சோத்துப் பானையா?"

லயத்துக்குப் போனாள். கதவைப் பூட்டி, துணிமூட்டையோடு திரும்பி வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடு."

"எங்கீங்க?"

"மண்டபத்துக்கு. அவ இறங்குற வரைக்கும் வாற கப்பலுக்கெல்லாம் நான் போய் நிக்கணும்தானே? தேதிய முழுங்கினது ஒன் வாய். நீயே கொண்டுபோய் விடு. பாட்டு வேணாம். நீ பேசவும் வேணாம்."

மேட்டுப்பாளையம் இறங்கும்வரை, வளைவுக்கு வளைவு, நஞ்சப்பன் ஹாரன் மட்டும் அடித்தான்.