தசமியில் திறக்காத பாட்டில்கள்

ஜம்புநாதன் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. ஆனால் எழுபதுகளின் டெல்லியில், ஜெர்மன் ஒயினைப் பற்றி யாராவது விவரம் கேட்டால், கனாட் பிளேஸ் பக்கம் எல்லோரும் அவரைத்தான் கைகாட்டுவார்கள். திருவானைக்காவலில் பிறந்தவர். சர்க்கார் வேலைக்கு மூன்று முறை எழுதியும் கிடைக்காமல், மாலை வகுப்பில் ஜெர்மன் படித்து, ஒரு ஜெர்மன் வர்த்தக அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அங்கே வந்த ஒயின் பிரசுரங்கள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போயின. கரோல் பாகில் இரண்டு அறை வாடகை வீடு. மனைவி வத்சலா. நல்ல நாள் பார்க்காமல் ஜம்பு முடிகூட வெட்டிக்கொண்டதில்லை.

எழுபத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில் கெர்ட்ரூட் ஹால்ட்மன் என்ற அம்மாள் டெல்லிக்கு வந்தார். ஜெர்மனியில் நாஹே ஆற்றங்கரையில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். கணவர் கார்ல் டெல்லி ஓட்டல்களுக்குத் தன் ஒயினைக் காட்ட ஆசைப்பட்டு, வர்த்தக அலுவலகத்துக்கு எழுதி, எல்லாம் கூடிவரும் நேரத்தில் இறந்துபோனார். போன வருடத்து அறுவடை முடிந்த வாரம் அது. எழுபத்தாறில் அவர் செய்த ஒயின்தான் அவர் கையால் முழுதாக முடித்த கடைசி ஒயின். அதை எடுத்துக்கொண்டு மனைவி தனியாக வந்திருந்தார்.

"ஆர்டர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை," என்று ஜம்புவிடம் சொன்னார். "இந்த ஊரில் யாராவது உட்கார்ந்து, சாப்பாட்டோடு நிதானமாகக் குடிக்க வேண்டும். கார்ல் கேட்டது அவ்வளவுதான்."

அந்த வாரம் ஜம்பு அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ரச டம்ளரைக் கையில் வாங்கிய அம்மாள், அதை மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார்.

வத்சலா சமையலறை வாசலிலிருந்து, "ஏன்னா, ரசத்துல ஏதாவது விழுந்துடுத்தா?" என்றாள் மெதுவாக.

"ஒண்ணுமில்லடி. அவா அப்படித்தான். வாசனையைப் பாத்துட்டுத்தான் வாயில வைப்பா."

"அப்போ பெருங்காயம் ஜாஸ்தின்னு தெரிஞ்சுடுமே."

அம்மாள் மூன்று டம்ளர் குடித்தார். பிறகு வத்தக்குழம்பையும் பருப்புத் துவையலையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்து, சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ஒயினும் இப்படித்தான். கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும், காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு வேண்டும். ஒன்று மற்றதை அதட்டக் கூடாது." அதுவரை பல வருடங்களாக ஜம்பு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து வந்த விஷயம் அன்றைக்குத்தான் அவர் நாக்குக்குப் புரிந்தது.

ஓட்டல்காரர்களுக்கான விருந்துக்கு நாள் குறிக்கும் பொறுப்பு ஜம்புவுடையது. புதன் அஷ்டமி, வியாழன் நவமி. இரண்டையும் தள்ளி, வெள்ளிக்கிழமை தசமியில் வைத்தார். மறுநாள் காலை அம்மாளுக்கு விமானம்.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகக் கணக்கர் மாசிலாமணி ஜம்புவின் மேஜையில் வந்து சாய்ந்தார். ஆற்காட்டுக்காரர், ஊர்வம்பு அத்தனையும் அவரிடம் வந்து சேரும்.

"சாமி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. தசமி. ஏன்?"

"தசமி இருக்கட்டும். இன்னைக்கு டிரை டே. ஊரு பூரா ஒரு பாட்டில் தொறக்கக் கூடாது. உங்க பஞ்சாங்கத்துல அதெல்லாம் போட மாட்டானுங்களா?"

அந்த வருடங்களில் மதுவிலக்கு நாட்கள் கூடிக்கொண்டே போயின. குடிக்கிறவர்கள் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். குடிக்காத ஜம்புவுக்கு நினைவு வரவில்லை.

அம்மாள் தங்கியிருந்த ஓட்டலுக்கே நேரில் போய் நின்றார். தாம் நாள் பார்த்த கதையையும் மறைக்காமல் சொன்னார்.

"அஷ்டமி என்றால்?" என்று அம்மாள் கேட்டார்.

"பௌர்ணமியிலிருந்தோ அமாவாசையிலிருந்தோ எட்டாவது நாள்."

"கார்லும் தேய்பிறை பார்த்துத்தான் ஒயினைப் பீப்பாய் மாற்றுவார். நான் கேலி செய்வேன்." கைக்குட்டையை மடித்துவிட்டு, "விருந்து நடக்கட்டும். ஒவ்வொரு ஒயினையும் பற்றி நான் சொல்கிறேன், நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். சாப்பாடாவது சாப்பிடட்டும்," என்றார்.

அன்றைக்கு விருந்து நடந்த ஓட்டலின் மேலாளர் மல்ஹோத்ரா பாட்டில்களை மூடியபடியே மேஜையில் வரிசையாக வைத்தார். "அச்சா ஜம்புஜி, பார்க்கத் தடையில்லை," என்றார். கோப்பைகளில் தண்ணீர். வந்தவர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்காக உட்கார்ந்தார்கள்.

முதலில் பனீர் வந்தது. அதற்கு சில்வானர், அடக்கமான திராட்சை, அவர்கள் ஊரில் வசந்தகாலக் காய்கறிகளோடு குடிப்பது என்றார் அம்மாள். பொரித்த மீனுக்குப் புளிப்புத் தூக்கலான ரீஸ்லிங். எலுமிச்சை பிழிகிற வேலையை அது செய்துவிடும். கோழிக் குருமாவுக்கு ரோஜா வாசனையுள்ள கெவுர்ஸ்ட்ரமினர். அம்மாள் ஜெர்மனில் சொல்லச் சொல்ல ஜம்பு ஆங்கிலத்தில் சொன்னார். தண்ணீரைக் குடித்தபடி சிலர் சிரித்தார்கள்.

கடைசிப் பாட்டில், நன்றாகப் பழுக்கவிட்டுத் தாமதமாகப் பறித்த, இனிப்பான ரீஸ்லிங். சமையல்காரர் அதற்கு குலாப் ஜாமூன் வைக்க நினைத்தார். ஒயினைவிட இனிப்பு அதிகமானால் ஒயின் செத்துவிடும் என்று அம்மாள் முன்பே தடுத்து, வறுத்த பாதாமை வைத்திருந்தார். அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்த அம்மாள் கார்லின் பெயரைச் சொன்னதோடு நிறுத்திவிட்டார். எல்லோரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்கள்.

தோட்டத்தின் விளம்பரப் பிரசுரத்தில் அந்த ஒயினைப் பற்றி இருந்த வாசகம் ஜம்புவுக்கு மனப்பாடம். அதைச் சொல்லவில்லை. "அந்த வருடம் அங்கே நல்ல வெயில்," என்றார். "இவர் கணவர் கொத்துக் கொத்தாகப் பார்த்துப் பழுத்ததை மட்டும் பறித்தார். இப்போது அவர் இல்லை. மீதியை இவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது."

தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கீழே வைத்தார்கள்.

புறப்படும்போது மல்ஹோத்ரா அம்மாளிடம் வந்து, பாட்டில்களை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். திங்கட்கிழமை திறக்கலாம், வந்தவர்களையே திரும்ப அழைக்கிறேன் என்றார். அம்மாள் ஜம்புவைப் பார்த்தார்.

"நீங்கள் பக்கத்தில் இருங்கள். குடிக்க வேண்டாம். எது முதலில், எதற்கு எது என்று சொன்னால் போதும்."

திங்கட்கிழமை அதே மேஜைக்கு, வெள்ளிக்கிழமை வந்தவர்களில் ஐந்து பேர் வந்தார்கள். ஜம்பு வரிசை சொன்னார், மல்ஹோத்ரா ஊற்றினார். மீனோடு ரீஸ்லிங்கைக் குடித்த ஒரு பெரியவர் இன்னொரு துண்டு மீன் கேட்டார். கடைசிப் பாட்டிலுக்கு யாரும் அவசரப்படவில்லை. பாதாம் தீர்ந்து இரண்டாம் தட்டு வந்தது.

வீட்டில் வத்சலா கதவைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தாள்.

"தொடலை," என்றார் ஜம்பு. "மோந்து பாத்தேன்."

"எப்படி இருந்ததாம்?"

"மழை பெஞ்ச கருங்கல்லுல எலுமிச்சம்பழம் உருண்டா மாதிரி."

"குடிக்காமலே இப்படிப் பேசறேளே," என்றபடி அவள் அவருக்குச் சாப்பிடத் தட்டைப் போட்டாள்.

மல்ஹோத்ரா ஆர்டர் எதுவும் கொடுக்கவில்லை. இறக்குமதி அனுமதி வந்தால் பார்ப்போம் என்றதோடு சரி. மறுநாள் காலை அம்மாளுக்குத் தந்தி கொடுக்கத் தபால் நிலையத்தில் படிவத்தோடு ஜம்பு வெகுநேரம் நின்றார். ஆர்டர் கிடைக்காததை முதலில் எழுதினார், பிறகு அடித்தார். கடைசியில் அவர் அனுப்பியது இதுதான்: கார்லின் ஒயினை மெதுவாகக் குடித்தார்கள். மீனோடு. மிச்சம் வைக்கவில்லை.