மெதுவா மாஸ்டர் கட்டிய தியேட்டர்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று கற்றுக்கொடுப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டக் கற்றார்கள். ஆனால் அதற்குச் சொந்தக்காரர் பிரேக்கைவிட அதிகமாக நம்பியது தன் வாயை. "மெதுவா... மெதுவா... இப்ப ஒரு சைக்கிள் குறுக்க வரும் பாருங்க. வந்துச்சா? சொன்னேன்ல? மெதுவா..." வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை இது ஓயாது. கடைசியில் மெதுவா மாஸ்டர் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

தொழிலில் இந்தப் பேச்சு உயிரைக் காப்பாற்றும். சினிமா தியேட்டரில் உயிரை வாங்கும். மாஸ்டரோ சினிமாப் பைத்தியம். கதாநாயகன் கதவில் கை வைத்தாலே, "திறக்காதே, உள்ள ஆள் இருக்கான்" என்பார். பாதிப் படத்தில் மனைவியின் பக்கம் சாய்ந்து, "இவ அவனுக்கு அக்கா. இரு, கடைசியில அதான் வரும்" என்பார். சொல்லி வைத்தாற்போல அதுதான் வரும். கொடுமையே அதுதான். தப்பாகச் சொல்கிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

ஒரு நாள் முன்வரிசை ஆள் ஒருவர் எழுந்து திரும்பினார். "ஐயா, நீங்க சொன்னது போதும். மீதியை அவங்களும் கொஞ்சம் சொல்லட்டும்" என்று திரையைக் காட்டினார். கொட்டகையே கைதட்டியது. மாஸ்டரின் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊரில் முக்கால்வாசிப் பேரின் கைநரம்பு அவளுக்குத் தெரியும், அவள் முகமும் அவர்களுக்குத் தெரியும். கைப்பையால் அந்த முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்தவள், வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை. வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள். "இனிமே உங்களோட தியேட்டர் வாசப்படி மிதிக்க மாட்டேன்." மிதிக்கவுமில்லை. மகள் அதற்கு முன்பே நைசாகக் கழன்றுகொண்டிருந்தாள்.

தனியாகப் போய்ப் பார்த்தார் மாஸ்டர். சப்பென்று இருந்தது. "சொன்னேன்ல?" என்று திரும்பினால் பக்கத்தில் யாரோ ஒருவர் முறைத்தார். அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது. அவள் பக்கத்தில் இல்லாமல் படம் அவருக்குப் படமாகவே இல்லை. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் வாயைக் குறைத்திருப்பார். மாஸ்டர் தியேட்டர் கட்டினார்.

வீட்டை ஒட்டிய கார் ஷெட்தான் அதற்கு அகப்பட்டது.

"வண்டி எங்க நிக்கும்?" என்றாள் மனைவி.

"தெருவுல."

"வெயில்லயா?"

"வண்டியா சினிமா பாக்கப் போகுது?"

அதற்குமேல் அவள் சொல்ல இடைவெளியும் இல்லை. ஷட்டரைக் கழற்றிவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். ஜன்னலை அடைத்தார்கள். சுவரெங்கும் மரச்சட்டம் அடித்து, நடுவில் கம்பளி போன்ற பஞ்சுப் பாளத்தைத் திணித்து, மேலே பலகை, அதற்கும் மேலே துணி போர்த்திய தட்டிகள். கதவு ஒரு கையால் திறக்க முடியாத கனம்; விளிம்பைச் சுற்றி ரப்பர். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பக் கூடாது என்று கூரைவரை கரிய நீலப் பெயின்ட். பெயின்டர் தூரிகையை வைத்துவிட்டு, "நிஜமாவே இந்தக் கலர்தானா சார்?" என்று கேட்டார். அவருக்கு மாஸ்டர் கொடுத்த விளக்கத்தில் அரை நாள் வேலை போயிற்று.

திரைக்குக் கீழே மூன்று ஸ்பீக்கர், பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் குளிர்சாதனப் பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர் பூதம். அதன் வேலை உறுமுவது மட்டும். மேற்கூரையில் புரொஜெக்டர். சாய்கிற நாற்காலிகள் இரண்டு வரிசை, பின்வரிசைக்கு மேடை. நாற்காலி சாய்ந்தால் சுவரில் இடித்ததால் தச்சரைக் கூப்பிட்டு மேடையைப் பெயர்த்து மறுபடி போட்டார்கள். முன்வரிசையின் நடு நாற்காலி மாஸ்டருக்கு. அதன் இடப்பக்க நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. தச்சர் அளவெடுக்க உட்கார்ந்தபோதுகூட, "அது வேணாம், அடுத்ததுல உக்காருங்க" என்றார்.

எல்லாம் முடிந்து சவுண்டுக்காரர் வந்தார். நாற்காலியில் காது உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்தினார். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊளையிடும், அதை மைக் அளந்து, எது எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று மெஷினே தீர்மானிக்கும். அதுவரை அறையில் மூச்சுச் சத்தம் கூடாது என்றார்.

"கண்டிப்பா" என்றார் மாஸ்டர்.

முதல் ஸ்பீக்கர் ஊளையிட்டது. "இப்ப வலது பக்கம் வரும் பாருங்க" என்றார் மாஸ்டர். வந்தது. "சொன்னேன்ல?"

மெஷின் நின்றுவிட்டது.

"சார், திரும்ப அளக்கச் சொல்லுது. அறையில சத்தம் அதிகமாம்."

"எந்தச் சத்தம்? அத்தனையும் அடைச்சிருக்கோமே!"

சவுண்டுக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை மரியாதையாக மாஸ்டரின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வெளியே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். ஆக, அந்தத் தியேட்டரிலிருந்து முதன்முதலில் வெளியேற்றப்பட்டவர் அதன் முதலாளிதான். மாஸ்டர் மனம் தளரவில்லை. கதவில் காதை வைத்து, மனைவியிடம், "ஒரு சத்தமும் வெளிய வரல, பாத்தியா!" என்று பூரித்துப் போனார்.

திறப்பு விழாவுக்கு மகள், மருமகன், மச்சினன் குடும்பம் எல்லாரும் வந்தார்கள். விளக்கு மெல்ல மங்கியதும் வாயைப் பிளந்தார்கள். படம் தொடங்கியது. மாஸ்டரும் தொடங்கினார். மச்சினனுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மருமகனுக்குக் குளிரெடுத்தது. மகளுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கப் போனவள் கிணறு வெட்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ, திரும்பவில்லை. கடைசியாக மனைவி எழுந்து, "அவங்களுக்கு டீ போடணும்" என்று போனாள். ஹோட்டல் வைத்து நடத்துகிற அளவுக்கு நேரம் ஆயிற்று.

ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோக, மாஸ்டர் வெளியே வந்தார். கூடத்தில் சிரிப்புச் சத்தம். பழைய டிவியின் முன்னால் எல்லாரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி நடுவில், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தான், பாதியில விட்டுட்டோமேன்னு..." என்று மச்சினன் இழுத்தான்.

மாஸ்டர் பேட்டரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மனசு ரொம்ப நொந்துவிட்டது அவருக்கு. அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அதன்பின் அந்த வீட்டுக்கு ஒரு புது நிம்மதி வந்தது. மாஸ்டர் தியேட்டருக்குள் போய்க் கதவைச் சாத்தினால் வீடு அமைதியாகிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால், "கட்டாயம் கட்டுங்க, நல்ல உபயோகம்" என்று மனைவியே சிபாரிசு செய்தாள். அவ்வளவு செலவு செய்து தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஆளை ஊரில் வேறு எங்கும் பார்க்க முடியாது. இடப்பக்க நாற்காலிக்குக் கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் அவர் கழற்றவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "ஒரே ஒரு படம். முழுசா. என் பக்கத்துல உக்காந்து பாரேன்."

"நீங்க வாயைத் திறக்காம இருந்தா."

"திறக்கல."

"ஒரு வார்த்தை?"

"அரை வார்த்தைகூட இல்ல."

விடுமுறை நாள் மத்தியானம் அவள் வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார். திரையில் ஒருவன் இருட்டு மாடிப்படியில் ஏறினான். மேலே யார் இருக்கிறார்கள் என்பது மாஸ்டருக்குத் தெரியும். வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. பேசவில்லை. படத்தில் வந்த பெண் யாருக்கு அக்கா என்பதும் தெரிந்துவிட்டது. பேசவில்லை. நெற்றியில் வியர்த்தது.

"என்னங்க" என்று இடப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஸ்பீக்கர் என்றுதான் முதலில் நினைத்தார்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்."

துண்டு வாயிலிருந்து விழுந்தது. "யார்கிட்ட?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அம்மா ஸ்கூல் வெச்சிருக்காங்களே, அவங்ககிட்ட. அவங்க பேசவே மாட்டாங்க. தப்பு பண்ணினா லேசா தொடையில ஒரு தட்டு, அவ்வளவுதான்."

"எப்ப?"

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே. லைசென்ஸ் வந்து நாளாச்சு. வீடு வீடா ரத்தம் எடுக்கப் போற லேப் வண்டிய இப்ப நான்தான் ஓட்டறேன்."

"ஊரே பாத்திருக்குமே!"

"பாத்திருக்கு. உங்ககிட்ட கத்துக்கறவங்க சிக்னல்ல கையாட்டுவாங்க."

மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம். எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்த ஆள்! ஊர் முழுக்கத் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல்! "ஏன் எங்கிட்ட வரல?" என்றார்.

"வந்தேனே, கல்யாணமான புதுசுல. பாதிப் பாலத்துல இறங்கி வீட்டுக்கு நடந்தேன், ஞாபகம் இல்லையா?"

"சரி, கத்துக்கிட்டதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். லைசென்ஸ் வந்த அன்னிக்கு அதைக் கையில வெச்சிட்டு உங்க முன்னாடி வந்து நின்னேன். நீங்க ஏதோ சொல்லிட்டிருந்தீங்க. முடிக்கட்டும்னு நின்னேன். அப்புறம் அடுப்புல பால் பொங்கிடுச்சு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அதுக்கப்புறம் நீங்க முடிக்கவே இல்ல."

அவள் குரலில் குறையோ குத்தலோ இல்லை. குத்தியிருந்தால் மாஸ்டருக்குப் பதில் இருந்திருக்கும். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினார். கதாநாயகன் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றான். பஞ்சுப் பாளம் அத்தனையும் சேர்ந்து அறையை அமுக்கியது.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஓடட்டும்" என்றாள் அவள். "சத்தம் இல்லாட்டி எனக்குச் சொல்ல வராது."

ஓடவிட்டார். முன்னால் யாரோ யாரையோ துரத்த, அவள் சொல்லிக்கொண்டே போனாள். முதன்முதலில் தனியாக ஓட்டிய அன்று மழை பிடித்துக்கொண்டதை, வைப்பரைப் போடத் தெரியாமல் ஹாரனை அடித்துக்கொண்டே போனதை, ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு அரை கிளட்சிலேயே பின்னால் வந்ததை. அரை கிளட்சா! மாஸ்டரின் நாக்கு துள்ளியது. கிளட்ச் பிளேட் கருகிவிடும் என்பதில் ஆரம்பித்து நூறு விஷயம் சொல்லலாம். துண்டைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி கடித்துக்கொண்டார். அவள் அந்தச் சந்தை நினைத்துச் சிரித்தாள். அன்று கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு.

படம் முடிந்து பெயர்கள் மேலே ஓடின. அந்தப் பெண் யாருக்கு அக்கா என்று படம் சொன்னதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குப் போறோம்ல" என்றாள் மனைவி. "நான் ஓட்டறேன்."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க பக்கத்துல வேணாம். பின் சீட்டுல உக்காருங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு ஏதாவது வருமா என்று அவள் இருட்டில் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.