எது வரவு

பையக்கா கணக்குப் பார்ப்பது நடந்துகொண்டேதான். வெட்டு மேசையிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து கதவு வரை. வாய் எண்களை முணுமுணுக்கும். கை போகிற போக்கில் ஒரு வாரை இழுத்துப் பார்க்கும், ஒரு கொக்கியைத் திருகிவிடும். தைக்க உட்கார்ந்தால் மட்டும் இதே ஆள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பமாட்டாள். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலை அவள் இழுக்க இழுக்கத் தோலில் தையல் எறும்பு வரிசையாக ஓடும். கணக்கு என்று வந்ததும் காலில் சக்கரம் முளைத்துவிடும்.

தோல்பை தைப்பதால் தெரு வைத்த பெயர் பையக்கா. பெயர் நிலைத்துவிட்டது; கணக்கு வைக்கும் முறைதான் நிலைக்கவில்லை. முதலில் காகித உறைகள்: தோலுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டு உறை தோல் உறையிடம் கைமாற்று வாங்கி வாங்கி, யார் யாருக்குத் தர வேண்டும் என்பது அவளுக்கே தெரியாமல் போயிற்று. பிறகு சுவரில் சாக்பீஸ். மழை ஈரம் ஒரு மாத வியாபாரத்தைத் தின்றுவிட்டது. அப்புறம் போனில் ஒரு செயலி. "எப்பப் பாத்தாலும் செவப்புல காட்டி மெரட்டுது. நான் என்ன திருடியா?" என்று அதையும் அழித்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவன் சிரிப்பான்: "கணக்குக்கு இத்தனை தடவ துணி மாத்துறியே, அதுக்கு என்ன கல்யாணமா?"

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பயண நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தோள்பைகள் கேட்டு, முக்கால்வாசிப் பணத்தை முன்பணமாக அனுப்பியிருந்தது. வங்கி இருப்பை நாத்தனாரிடம் காட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை. நாத்தனாருக்கு மீன் பதனிடும் குளிர்கூடத்தில் வேலை. விரல்நுனிகள் எப்போதும் வெளுத்தே இருக்கும்.

"இவ்ளோ இருக்கா அண்ணி? அப்ப நான் அந்த ஐஸ் வேலைய விட்டுட்டு உங்ககூட வந்துடவா? திங்கக்கிழமை சொல்லிடறேன்."

"வா, வா" என்று சொன்னது வாய். மனசு அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

மாடி வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். இந்த முன்பணத்தைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று கேட்டுப் படியிலேயே அவரை மடக்கினாள்.

"பணம் கைக்கு வந்தன்னிக்கு வரவு வைக்கலாம். இல்ல, பையக் குடுத்தன்னிக்கு வைக்கலாம்" என்றார் அவர். "ரெண்டும் முறைதாம்மா. நீங்கதான் ஒண்ண எடுத்துக்கணும்."

"கைக்கு வந்தது என் காசுதானே?"

"பை இன்னும் உங்க மேசையிலதானே கெடக்கு?"

அந்தக் கேள்வி அந்த வாரம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. தோல் வெட்ட வைத்திருந்த மாதிரித் தாளின் பின்புறத்தில் இந்த வருஷத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாள். முதல் விதத்தில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். இரண்டாவதில் ஒருத்திக்கே இழுபறி. அடித்தாள், திரும்ப எழுதினாள், தாளைக் கசக்கினாள், பிரித்து நீவினாள். "அதான் காசு வந்துடுச்சே! பாவம், என் தங்கச்சிக்குக் கை மரத்துப் போவுது" என்றான் கணவன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் விதத்தையே எடுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஞாயிறன்று நாத்தனார் துள்ளிக்கொண்டு வந்தாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"நாளைக்கு வேலைய விடறதச் சொல்லாத" என்றாள் பையக்கா.

"ஏன் அண்ணி?"

"அது என் காசு இல்ல. பை போய்ச் சேர்ற வரைக்கும் அவங்க காசு. அதை நம்பி உன்ன வரச் சொன்னா, நாலு மாசத்துல உன் கையில வெறும் நூலத்தான் குடுப்பேன்."

"வா, வான்னீங்களே!"

"வாய் முந்திக்கிச்சு."

"அண்ணன் எல்லாம் சொன்னான். எழுதுற விதத்த மாத்தினா காசு கொறஞ்சிடுமா? வேணாம்னா நேரா சொல்லுங்களேன்."

பையக்கா ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். "வேணும்டி. அதனாலதான் சொல்றேன். லீவு நாள்ல வந்து தையல் கத்துக்கோ. நீ தைக்கிற பைக்குக் கூலி உனக்கு. இந்த ஆர்டர் முடியட்டும், எனக்கு மெய்யா என்ன மிஞ்சுதுன்னு தெரியட்டும். நானே வந்து உன்ன அந்த ஐஸ்லேருந்து இழுத்துட்டு வரேன்."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். போய்விடுவாள் என்றே தோன்றியது. பிறகு விசுக்கென்று வந்து முக்காலியை இழுத்துப் போட்டு, மேசையில் கிடந்த ஒரு பைத் துண்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டாள்.

முதல் வரிசை பாதியிலேயே கோணிக்கொண்டு போயிற்று. பையக்காவின் கை தையலைப் பிரிக்கும் கத்தியை எடுக்கப் பாய்ந்தது. பாதி வழியில் அந்தக் கையை மடக்கி, மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.