மிளகாய்க்குக் காலை ஷிப்ட் கிடைத்தது

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவள் வேலை. கை வேகம், வாய் அதைவிட வேகம். சேர்ந்த நாளிலிருந்து மதிய ஷிப்ட்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இவள் வீட்டில் இருக்கமாட்டாள். இவள் திரும்பும்போது அது தூங்கிப் போயிருக்கும். அந்த எரிச்சலெல்லாம் விரிப்புகள்மேல் இறங்கும். கோணல்மாணலாக மடித்ததென்று வார்டிலிருந்து திரும்பி வரும். சூப்பர்வைசரோடு சண்டை மூளும்.

அதே இஸ்திரி இயந்திரத்தில் காலை ஷிப்ட் பார்ப்பவள் நெட்டை. என்றைக்கோ ஷிப்ட் கைமாறும் நேரத்தில், மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று இருவருக்கும் முட்டிக்கொண்டது. அதிலிருந்து பேச்சு இல்லை. ஒருத்தி உள்ளே வந்தால் மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போவாள்.

புதிதாக வந்த மனிதவள அதிகாரி ஒருநாள் சலவைக் கூடத்துக்கே வந்தார். துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து எல்லோரிடமும் பேசிவிட்டு, கடைசியில் சொன்னார்: "இனிமே நீங்களே பேசி ஷிப்ட் மாத்திக்கலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சூப்பர்வைசரின் முகம் சுண்டிவிட்டது. "குடுமிப்பிடி சண்டைதான் நடக்கும் மேடம்."

"நடந்தா பாத்துக்கலாம்."

வீட்டில் மிளகாய் கணவனிடம் பொருமினாள். "அவகிட்டப் போய் நான் பல்லிளிக்கணுமா?"

"உன் பல்லுதானே, கொஞ்சம் இளிச்சாத்தான் என்ன?"

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "மதியத்துக்கு நீ வர்றியா?"

நெட்டை கைப்பையைக் கீழே வைத்தாள். "இதக் கேக்க இத்தன நாளா? எங்க வீட்டுக்காரருக்கு நைட் வாட்ச்மேன் வேல. காலையிலதான் வீட்ல இருப்பாரு. அவரு வர, நான் கிளம்ப, வாசல்ல பாத்துக்கிறதோட சரி."

"அப்ப நீ ஏன்டி கேக்கல?"

"உங்கிட்டயா? கடிச்சு வச்சா?"

மிளகாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுதான் அதிசயம்.

அடுத்த வாரமே மாறிக்கொண்டார்கள். வார்டிலிருந்து விரிப்புகள் திரும்பி வருவது நின்றுபோனது. வீட்டில் மகள்தான் ஒரு வாரத்திலேயே அப்பாவிடம் கிசுகிசுத்தாள்: "அம்மா தினமும் இந்நேரத்துக்கே வந்துருவாங்களா? டிவி பாக்கவே முடியல."

சலவைக் கூடத்தில் இன்றைக்கும் மதியம் இருவரும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்று பேசுவார்கள். விரிப்பு மடிந்துவிடும், பேச்சு முடியாது. மிளகாயை வீட்டுக்கு விரட்டுவதுதான் இப்போது சூப்பர்வைசருக்குப் பெரிய வேலை.