இடக்கை வில்

லேக் கார்டன்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டின் பின்முற்றம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான்கு பேர் தரையில் உட்கார்ந்து மரத்தில் வில் செய்கிறார்கள். சென்னையில் எனக்கும் இதுதான் பொழுதுபோக்கு என்பதால், ஊருக்கு ரயிலேறும் முன் பார்க்க வந்திருக்கிறேன்.

பத்மா மட்டும் தலை நிமிரவில்லை. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அங்கே இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. நாண் இழுக்க இனி இடது கைதான்.

"கடையில ஒண்ணு வாங்கிடலாமே?" என்கிறேன்.

"கேட்டுப் பாத்தாச்சு அண்ணா. எல்லாம் வலது கைக்காரங்களுக்குத்தான். இதுக்கு முன்னாடி செஞ்ச ரெண்டும் உடைஞ்சுபோச்சு. இதுவும் உடைஞ்சா நாலாவது செய்வேன்."

அரத்தைக் கீழே வைத்துவிட்டு நாண் பூட்டி எழுகிறார். வலக்கையின் மிச்ச விரல்களால் வில்லைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார். மரம் முனகுகிறது. மற்ற மூவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள்.

வில் உடையவில்லை. முதல் அம்பு சுவரில் மோதி விழுகிறது. இரண்டாவது, இலக்காக வைத்திருக்கும் வைக்கோல் கட்டின் ஓரத்தில் தைத்து நிற்கிறது.

கைகுலுக்க எழுகிறேன். அதற்குள் அவர் நாணைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கீழ்ப்பக்கம் இன்னும் சரியா வளையல" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுக்கிறார்.