மாடி அறையின் பூட்டு

அந்தத் தெருவில் தையல்காரிக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? கீழே தையல் கடை, பின்கட்டில் குடித்தனம், மாடியில் வாடகைக்கு விட்ட ஒற்றை அறை. கணவர் போன பிறகு பள்ளிச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளி அந்த மாடியை எழுப்பினாள்.

அங்கே குடியிருந்த டிரைவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பி நீட்டிவிட்டான். போனவன் தன் பூட்டையும் போட்டுவிட்டுப் போயிருந்தான். உள்ளே ஓர் உடைந்த நாற்காலியும் இரண்டு அட்டைப்பெட்டிகளும். போன் செய்தால் எடுப்பதில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகனுக்கு வேலை போய், மகள் கைக்குழந்தையோடு அவன் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தாள். காலி செய்வதை முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கே மகளை அழைத்து வந்திருக்கலாமே!

சுத்தியலோடு கிளம்பியவளை, தன் கறுப்புக் கோட்டைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்த வக்கீல் தடுத்தார்.

"பூட்ட உடைச்சா தப்பு உங்க பேர்ல வந்துடும். அவன் சாமான் உள்ள இருக்கு. முறைப்படி நோட்டீஸ் அனுப்பணும். பதில் வரலன்னா சாட்சி வெச்சுத் திறக்கணும். ஒப்பந்தம் எங்க?"

"வாய் வார்த்தைதான்."

"அவன் இப்ப இருக்குற விலாசம்?"

"தெரிஞ்சா இந்நேரம் அங்கல்ல நிப்பேன். என் வீட்டுக்குள்ள நான் போக ஊரக் கூட்டணுமா? சொல்லாம ஓடுனவனுக்குச் சட்டம், எனக்கு ஒண்ணும் கெடயாதா?"

"உங்களுக்கும் உரிமை இருக்கும்மா. சுத்தியல்தான் கூடாது."

வக்கீல் டிரைவரின் நம்பரை அவளிடம் வாங்கித் தன் போனிலிருந்து கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்டா சொல்லாம போன?"

"சொல்லத்தான் ரெண்டு தடவ வந்தேன்க்கா. நீங்க மெஷின நிறுத்தாமயே 'என்ன'ன்னு கேட்டீங்க. ஒண்ணும் இல்லக்கான்னு போயிட்டேன்."

அவள் யாருக்காகவும் மெஷினை நிறுத்துபவள் இல்லை. கால் மிதித்தபடி இருக்கும், கண் ஊசியில் இருக்கும், பதில் மட்டும் வெட்டிக்கொண்டு வரும். அது வேலை செய்கிற விதம், அதில் என்ன குற்றம் என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. பூட்டை உடைத்துக்கொள்ளலாம், சாமான் எதுவும் வேண்டாம் என்று அவன் சொன்னதை வக்கீல் எழுத்திலும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

பூட்டு உடைந்தது. அவனைத் திட்டிக்கொண்டே சாமானை வெளியே போட்டாள், திட்டிக்கொண்டே தரையைத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டிய பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"ரூம் ரெடி. பொட்டிய கட்டு."



"அம்மா... நாங்க வேற வீடு பாத்து வந்துட்டோம். போன வாரமே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. நீ கத்துவியேன்னு வெச்சுட்டேன்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. எப்போதும் வருவது போலத்தான் வந்தது. தையல்காரி அதை விழுங்கிவிட்டு, காலியான அறையின் நடுவில் நின்றபடி, "பாப்பா தூங்குதா?" என்று கேட்டாள்.

"அம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மகள், பதறிப்போய்.